பரிசோதனைக்கு அஞ்சும் ஆண்மை



நிகாஹ் முடிந்து ஓராண்டு கடந்ததும் நம் வீடுகளில் ஒரு கேள்வி எழத் தொடங்குகிறது. அது பெரும்பாலும் மருமகளை நோக்கியே எழுகிறது. "விசேஷம் ஏதும் உண்டா?" என்று உறவினர் கேட்பது அவளிடம்தான். ஸ்கேன், ஹார்மோன் பரிசோதனை, கருக்குழாய் அடைப்புப் பரிசோதனை என்று மருத்துவமனைப் படிகளில் ஏறி இறங்குபவளும் அவள்தான். கணவருக்கும் ஒரு விந்துப் பரிசோதனை செய்துவிடலாம் என்று மருத்துவர் கூறினால், "அவனுக்கென்ன குறை? நல்ல ஆண்மகன்தானே!" என்று குடும்பத்தார் முகம் சுளிக்கின்றனர். மாதங்கள் ஆண்டுகளாகின்றன. சில இல்லங்களில் பேச்சு இரண்டாம் திருமணம்வரை செல்கிறது. கணவர் அதுவரை ஒருமுறைகூடப் பரிசோதிக்கப்பட்டிருக்கமாட்டார்.

'மலடி' என்ற சொல்லை நம் தெருக்கள் கூசாமல் உச்சரிக்கின்றன. 'மலடன்' என்ற சொல்லும் தமிழில் உண்டு; அதனைச் சொல்லத்தான் நாக்குகள் தயங்குகின்றன. ஆனால் மருத்துவம் இந்த ஓரவஞ்சனையை ஏற்பதில்லை. குழந்தைப்பேறு தாமதமாகும் தம்பதியரில் ஏறக்குறைய பாதிப்பேரிடம் ஆணின் உடல்நிலையும் முழுக் காரணமாகவோ துணைக் காரணமாகவோ இருக்கிறது. அவ்வாறான ஆண்களிடம் காணப்படும் குறைகளுள், சிகிச்சையால் சரிசெய்யத்தக்கவற்றில் முதலிடம் பெறுவது 'வெரிகோசீல்' எனப்படும் விதைப்பை இரத்தநாளப் புடைப்பாகும். இதற்கும் 'டெஸ்டோஸ்டிரோன்' என்னும் ஆண் ஹார்மோனுக்கும் தொடர்பு உண்டு என்ற செய்தி அண்மைக்காலமாகப் பலரிடமும் பரவியிருக்கிறது. அச்செய்தியில் உண்மை இருக்கிறது. அந்த உண்மையை மிகைப்படுத்தி விற்கப்படும் வணிகமும் இருக்கிறது. இவ்விரண்டையும் பிரித்தறிவது நம் சமுதாயத்திற்கு இன்று அவசியமாகிறது.

ஒரே சொல்லில் மூன்று பொருள்

இந்தக் குழப்பத்தின் வேர் 'ஆண்மை' என்ற சொல்லில் இருக்கிறது. நாம் அச்சொல்லை மூன்று வெவ்வேறு பொருள்களுக்குப் பயன்படுத்துகிறோம். இல்லற உறவில் ஈடுபடும் ஆற்றல் முதலாவது. கருத்தரிக்கச் செய்யும் அளவுக்குப் போதுமான, நலமான விந்தணுக்கள் இருப்பது இரண்டாவது. இரத்தத்தில் டெஸ்டோஸ்டிரோன் தேவையான அளவு இருப்பது மூன்றாவது.

இம்மூன்றும் ஒன்றோடொன்று தொடர்புடையவை. ஆயினும் ஒன்று இருந்தால் மற்றவையும் இருந்தே தீரும் என்ற கட்டாயம் இல்லை. இல்லற உறவில் எக்குறையும் இல்லாத, மீசையும் தாடியும் அடர்ந்து, உடல் வலிமையுடன் விளங்கும் ஒருவரின் விந்தில் ஓர் அணுகூட இல்லாமல் இருக்கலாம். அவருடைய டெஸ்டோஸ்டிரோன் அளவும் முற்றிலும் சரியாக இருக்கலாம். மாறாக, டெஸ்டோஸ்டிரோன் ஓரளவு குறைந்திருக்கும் ஒருவர் பல பிள்ளைகளுக்குத் தந்தையாகவும் இருக்கலாம். "நல்ல ஆண்மகன்தானே" என்று தாய் கூறும்போது அவர் முதற்பொருளையே கருதுகிறார். மருத்துவர் கேட்பதோ இரண்டாம் பொருளை. இருவரும் ஒரே சொல்லைக் கொண்டு வெவ்வேறு செய்திகளைப் பேசுகின்றனர். இடையில் அல்லலுறுபவள் மனைவி.

வெரிகோசீல் என்பது யாது?

விந்தணு உற்பத்தி செம்மையாக நடைபெற, விரைகள் உடலின் வெப்பநிலையைவிட 2 முதல் 4 டிகிரி செல்சியஸ் குளிர்ந்த நிலையில் இருக்க வேண்டும். உடலுக்கு வெளியே ஒரு தனிப்பையில் அவற்றை வைத்திருப்பதில் படைத்தவனின் நுட்பம் விளங்குகிறது. அந்நுட்பம் அத்துடன் நிற்கவில்லை. விரைக்குள் சூடான இரத்தத்தைக் கொண்டுவரும் தமனியைச் சுற்றிலும், குளிர்ந்த இரத்தத்தைத் திருப்பி எடுத்துச் செல்லும் சிரைகள் கொடிபோலப் பின்னிப் படர்ந்துள்ளன. உள்ளே வரும் இரத்தத்தின் சூடு, வெளியேறும் இரத்தத்தால் தணிக்கப்படுகிறது.

இந்தச் சிரைகளில் இரத்தம் கீழிருந்து மேல்நோக்கிச் செல்ல வேண்டும். ஏறிய இரத்தம் மீண்டும் கீழே வழியாமல் தடுக்கச் சிறு வால்வுகள் உள்ளன. அவை பழுதுபட்டாலோ, பிறவியிலேயே இல்லாதிருந்தாலோ இரத்தம் தேங்கிச் சிரைகள் விரிந்து சுருண்டுகொள்கின்றன. கால்களில் தோன்றும் நரம்புச் சுருட்டலை நாம் அறிவோம். அதே நிலை விதைப்பையில் ஏற்படுவதுதான் வெரிகோசீல். தொட்டுப் பார்க்கும் மருத்துவரின் விரல்களுக்கு அது மண்புழுக்கள் நிறைந்த பைபோலத் தோன்றும்.

பெரும்பாலும் இது இடப்பக்கத்திலேயே உண்டாகிறது. இடப்பக்கச் சிரை வலப்பக்கத்தைவிட நீளமானது; சிறுநீரகச் சிரையில் செங்குத்தாகச் சென்று சேர்கிறது. வலப்பக்கச் சிரையோ உடலின் பெருஞ்சிரையில் சரிவாகச் சென்று கலக்கிறது. ஆகவே இடப்பக்கத்தில் இரத்தத்தின் எடை அதிகம் அழுத்துகிறது. வலப்பக்கத்தில் மட்டும் புடைப்பு இருந்தாலோ, நடுத்தர வயதில் திடீரென்று தோன்றினாலோ, படுத்த பின்னரும் அது வடியாமல் இருந்தாலோ காலந்தாழ்த்தாமல் மருத்துவரை அணுக வேண்டும். வயிற்றுக்குள் சிறுநீரகத்திலோ அதன் அருகிலோ கட்டி ஏதும் சிரையை அழுத்துகிறதா என்று பார்ப்பது அப்போது கட்டாயமாகிறது.

ஆண்களில் நூற்றுக்கு ஏறத்தாழ 15 பேரிடம் வெரிகோசீல் உள்ளது. குழந்தைப்பேறின்மைக்காகப் பரிசோதிக்கப்படும் ஆண்களிடம் இவ்விகிதம் 35 முதல் 40 வரை உயர்கிறது. பருவமடையும் வயதில் தொடங்கும் இது பலருக்கு எவ்வித வலியையும் தருவதில்லை. சிலருக்கு மட்டும் நெடுநேரம் நின்றால் கனமான ஒரு வலி இருக்கும். படுத்தால் அது தணியும். வெரிகோசீல் உள்ளவர்களில் பெரும்பாலோர் எச்சிகிச்சையும் இன்றித் தந்தையராகின்றனர் என்பதையும் இங்கே அழுத்திக் கூற வேண்டும். இப்பெயரைக் கேட்டதுமே வாழ்வு முடிந்துவிட்டதாக எந்த இளைஞரும் கலங்கத் தேவையில்லை.

இது புதிய நோயும் அன்று. கி.பி. முதல் நூற்றாண்டின் ரோமானிய எழுத்தாளர் செல்சஸ், சிரைகள் புடைத்த பக்கத்தில் விரை சுருங்கிவிடுவதைக் குறித்துள்ளார். ஆயிரம் ஆண்டுகளுக்கு முன் அந்தலூசியாவில் வாழ்ந்த அறுவை மருத்துவ மேதை அஸ்ஸஹ்ராவி, தம் 'அத்தஸ்ரீஃப்' நூலின் அறுவை சிகிச்சைப் பகுதியில் விதைப்பை வீக்கங்களை வகைவகையாகப் பிரித்து ஆராய்ந்தார். நாம் இன்று வாய்திறந்து சொல்லக் கூசும் உறுப்பின் நோய்களை நம் முன்னோர் நூலாக்கி மாணவர்களுக்குப் போதித்தனர்.

டெஸ்டோஸ்டிரோனுடன் உள்ள தொடர்பு

விரைகளுக்கு இரண்டு பணிகள் உண்டு. ஒன்று விந்தணுக்களை உருவாக்குவது. மற்றொன்று டெஸ்டோஸ்டிரோனைச் சுரப்பது. இரண்டாம் பணியைச் செய்பவை 'லேடிக்' செல்கள். மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரி சுரப்பி 'எல்.எச்.' என்னும் ஹார்மோனை அனுப்பி இச்செல்களை இயக்குகிறது.

சிரைகளில் இரத்தம் தேங்கி விரையின் வெப்பம் உயரும்போது முதலில் பாதிக்கப்படுவது விந்தணு உற்பத்தியே. லேடிக் செல்கள் சற்று உறுதியானவை. எனினும் நீண்டகால வெப்பமும் தேக்கமும் அவற்றின் செயலையும் மந்தப்படுத்துகின்றன என்பதற்குச் சான்றுகள் உள்ளன.

உலக சுகாதார நிறுவனம் 1992இல் வெளியிட்ட ஆய்வு இதில் முக்கியமானது. பல நாடுகளின் குழந்தைப்பேறு மருத்துவமனைகளுக்கு வந்த 9,034 ஆண்கள் அதில் ஆராயப்பட்டனர். விந்தில் குறையுள்ளோரில் நூற்றுக்கு 25 பேருக்கு வெரிகோசீல் இருந்தது. விந்து சரியாக இருந்தோரில் அது சுமார் 12 பேருக்கு மட்டுமே இருந்தது. வெரிகோசீல் உள்ளவர்களுள் 30 வயதைக் கடந்தோரின் டெஸ்டோஸ்டிரோன், அவ்வயதிற்குக் குறைந்தோரைவிடத் தாழ்ந்திருந்தது. வெரிகோசீல் இல்லாதோரிடம் அத்தகைய வேறுபாடு தென்படவில்லை. பாதிப்பு ஆண்டுகள் செல்லச்செல்ல மெல்லச் சேர்கிறது என்பதற்கு இதனை ஓர் அடையாளமாகக் கொள்ளலாம்.

2011இல் நியூயார்க்கின் கார்னெல் மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், வெரிகோசீல் உள்ள ஆண்களின் சராசரி டெஸ்டோஸ்டிரோன் டெசிலிட்டருக்கு 416 நானோகிராம். வெரிகோசீல் இல்லாத ஒப்பீட்டுக் குழுவில் 469. வேறுபாடு உண்டு. ஆனால் இரண்டு சராசரிகளுமே இயல்பான எல்லைக்குள்தான் இருக்கின்றன என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அமெரிக்கச் சிறுநீரகவியல் சங்கம் குறைபாட்டின் எல்லையாகக் கொள்வது 300 நானோகிராம்.

ஐரோப்பாவின் ஆறு நாடுகளில் 7,035 இளைஞர்களிடம் செய்யப்பட்டு 2016இல் வெளியான ஆய்வு மற்றொரு கோணத்தைக் காட்டியது. அவர்களில் 15.7 விழுக்காட்டினருக்கு வெரிகோசீல் இருந்தது. புடைப்பு பெரிதாகப் பெரிதாக விந்தணுத் தரம் குறைந்தது. ஆனால் டெஸ்டோஸ்டிரோன் அளவில் குறிப்பிடத்தக்க வேறுபாடு இல்லை. பிட்யூட்டரி அனுப்பும் எல்.எச். உயர்ந்திருந்தது. நம் வீட்டுக் கிணற்றை எண்ணிப் பாருங்கள். ஊற்று குறைந்தால் மோட்டார் அதிக நேரம் ஓடுகிறது. மாடித்தொட்டியில் நீர்மட்டம் பழையபடியே இருக்கிறது. தொட்டியை மட்டும் பார்ப்பவருக்குக் குறை தெரிவதில்லை. இளமையில் உடல் இவ்வாறு ஈடுகட்டிக்கொள்கிறது. எல்லோரிடமும் எக்காலமும் அது நீடிக்குமென்று சொல்ல முடியாது.

இவற்றையெல்லாம் சேர்த்துப் பார்த்தால் நாம் கொள்ளத்தக்க முடிவு இதுவே: வெரிகோசீல் சிலரிடம் டெஸ்டோஸ்டிரோனைக் குறைக்கிறது; பலரிடம் குறைப்பதில்லை; குறைந்தாலும் அக்குறை பெரும்பாலும் மிதமானதே. எனவே களைப்பு, ஆர்வமின்மை, உறவில் தளர்ச்சி ஆகிய அனைத்தையும் வெரிகோசீலின் தலையில் கட்டுவது தவறு. உடற்பருமன், சர்க்கரை நோய், தூக்கமின்மை, மனவுளைச்சல், சில மருந்துகள், முதுமை ஆகியவையும் காரணங்களாகலாம். மற்றொரு குறிப்பும் உண்டு. டெஸ்டோஸ்டிரோன் அதிகாலையில் உயர்ந்து மாலையில் தாழும். ஆகவே முற்பகலுக்குள், இரு வெவ்வேறு நாள்களில் இரத்தம் எடுத்துப் பார்த்த பின்னரே குறைபாடு என்று கூற வேண்டும். மாலையில் எடுத்த ஒற்றைப் பரிசோதனையைக் காட்டி அச்சுறுத்துவோரை நம்பலாகாது.

ஊசியால் நேரும் விபரீதம்

இவ்விடத்தில்தான் பெரும் ஆபத்து காத்திருக்கிறது. டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று கேட்டதும், அதனை ஊசியாகவோ களிம்பாகவோ செலுத்திக்கொண்டால் சரியாகிவிடும் என்று எண்ணுவது இயல்பு. குழந்தை வேண்டும் என்று விரும்பும் ஆணுக்கு இதைவிடத் தீங்கானது வேறில்லை.

காரணத்தை முன்சொன்ன உவமையாலேயே விளக்கலாம். வெளியிலிருந்து லாரித் தண்ணீரைத் தொட்டியில் நிரப்பினால், தொட்டி நிறைந்துவிட்டதென்று தானியங்கி சுவிட்ச் மோட்டாரை நிறுத்திவிடும். அவ்வாறே, வெளியிலிருந்து டெஸ்டோஸ்டிரோன் வந்ததும் பிட்யூட்டரி தன் ஆணைகளை நிறுத்திக்கொள்கிறது. விந்தணு உருவாவதற்கு விரைக்குள்ளேயே, இரத்தத்தில் இருப்பதைவிடப் பன்மடங்கு அதிகமான டெஸ்டோஸ்டிரோன் சுரக்க வேண்டும். ஊசியால் இரத்தத்தில் அளவு உயர்கிறது. விரைக்குள் அது வற்றிப்போகிறது. விந்தணுக்கள் குறைந்து, பலரிடம் முற்றிலும் மறைந்துவிடுகின்றன. உலக சுகாதார நிறுவனம் 1990இல் வெளியிட்ட ஓர் ஆய்வில், வாரம் 200 மில்லிகிராம் டெஸ்டோஸ்டிரோன் ஊசி ஆண்களுக்கான கருத்தடை முறையாகவே சோதிக்கப்பட்டது என்றால் வேறு சான்று தேவையில்லை. கருத்தடைக்குச் சோதிக்கப்பட்ட மருந்தைக் குழந்தை வேண்டி ஒருவர் செலுத்திக்கொள்கிறார்!

ஊசியை நிறுத்திய பின் விந்தணுக்கள் திரும்பப் பல மாதங்கள் ஆகும். சிலருக்கு ஓரிரு ஆண்டுகளும் ஆகும். உடற்பயிற்சிக் கூடங்களில் தசை திரட்சிக்காக இத்தகைய ஊசிகளை ஏற்றிக்கொள்ளும் நம் இளைஞர்கள் இதனை அறிந்திருக்க வேண்டும். குழந்தை விரும்பும் ஆணுக்கு டெஸ்டோஸ்டிரோன் மட்டும் தனியே தரலாகாது என்று மருத்துவ வழிகாட்டுதல்கள் தெளிவாகக் கூறுகின்றன. அத்தகையோருக்கு, பிட்யூட்டரியின் தூண்டுதலைப் பெருக்கும் மாற்று மருந்துகள் உள்ளன. அவற்றைத் தகுதியுள்ள மருத்துவரே முடிவு செய்ய வேண்டும்.

மறுபுறம், விடுதி அறைகளில் முகாமிட்டு 'ஆண்மைக்குறைவு' நீக்குவதாகச் சுவரொட்டி ஒட்டும் வைத்தியர்கள் இருக்கின்றனர். பாலியல் ஆற்றலைப் பெருக்குவதாக மருந்துகளை விளம்பரம் செய்வதை இந்தியாவில் 1954ஆம் ஆண்டின் மருந்துகள் மற்றும் மாயத்தீர்வுகள் சட்டம் தடை செய்கிறது. ஆயினும் வணிகம் நிற்கவில்லை. நம் வெட்கமே அதன் முதலீடு. தேன், பேரீச்சம்பழம், கருஞ்சீரகம் ஆகியவை நாம் மதிக்கும் உணவுகள். அவற்றை உண்பதில் நன்மையுண்டு. ஆனால் பழுதுபட்ட வால்வை எந்த லேகியமும் செப்பனிடாது. 'நபிவழி மருத்துவம்' என்ற பெயரை ஒட்டி, சோதிக்கப்படாத பொடிகளை ஆயிரக்கணக்கான ரூபாய்க்கு விற்பது மார்க்கத்தின் பெயராலேயே செய்யப்படும் மோசடியாகும்.

அறுவை சிகிச்சை யாருக்கு?

வெரிகோசீல் இருப்போர் எல்லோருக்கும் அறுவை சிகிச்சை தேவையில்லை. தம்பதியர் குழந்தைக்கு முயன்றுகொண்டிருக்க வேண்டும். புடைப்பு மருத்துவரின் கைக்குத் தட்டுப்பட வேண்டும். விந்துப் பரிசோதனையில் குறை இருக்க வேண்டும். இம்மூன்றும் அமையும்போது சிகிச்சை பரிந்துரைக்கப்படுகிறது. கைக்குத் தட்டுப்படாமல் ஸ்கேனில் மட்டும் தெரியும் நுண்ணிய புடைப்புக்கு அறுவை செய்வதால் பயன் நிறுவப்படவில்லை. "ஸ்கேனில் தெரிகிறது, உடனே அறுத்துவிடுவோம்" என்று அவசரப்படுத்தினால், மற்றொரு மருத்துவரின் கருத்தையும் கேட்பது நல்லது. நீங்காத வலியும், வளரிளம் பருவத்தில் ஒரு பக்க விரை வளராமல் பின்தங்குவதும் சிகிச்சைக்குரிய வேறு காரணங்கள்.

நுண்ணோக்கியின் துணையுடன் அடிவயிற்றின் கீழ் சிறு வெட்டு இட்டு, தமனியையும் நிணநாளங்களையும் விட்டுவைத்து, பழுதான சிரைகளை மட்டும் கட்டிவிடும் முறை இன்று சிறந்ததாகக் கருதப்படுகிறது. பெரும்பாலும் அன்றோ மறுநாளோ வீடு திரும்பலாம். ஒரு விந்தணு உருவாகி முதிர ஏறக்குறைய இரண்டரை மாதங்கள் ஆவதால், பயனைக் காண 3 முதல் 6 மாதங்கள் பொறுத்திருக்க வேண்டும். பத்தில் ஆறேழு பேருக்கு விந்தின் தரம் மேம்படுகிறது. அது கருத்தரிப்புக்கான உத்தரவாதம் ஆகாது. மனைவியின் வயதும் உடல்நிலையும் சேர்ந்தே முடிவைத் தீர்மானிக்கின்றன.

டெஸ்டோஸ்டிரோன்? முன்னர்க் குறிப்பிட்ட கார்னெல் ஆய்வில், அறுவைக்கு முன்னும் பின்னும் அளவிடப்பட்டோரின் சராசரி 358இலிருந்து 454ஆக உயர்ந்தது. 2012இல், 814 பேரை உள்ளடக்கிய 9 ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது சராசரி உயர்வு ஏறக்குறைய 97 நானோகிராம். தொடக்கத்தில் குறைவாக இருந்தோரே அதிகப் பயன் பெறுகின்றனர். ஏற்கெனவே சரியாக இருந்தோரிடம் பெரிய மாற்றம் இல்லை. இவ்வாய்வுகளுள் பல, அறுவை செய்யாத ஒப்பீட்டுக் குழு இல்லாமல் நடத்தப்பட்டவை. ஆகவே, டெஸ்டோஸ்டிரோனை உயர்த்துவதற்காக மட்டுமே இந்த அறுவையைச் செய்துகொள்ளலாம் என்று வழிகாட்டுதல்கள் இன்னும் பொதுவாகப் பரிந்துரைப்பதில்லை. குழந்தைக்காகவோ வலிக்காகவோ செய்யும்போது, ஹார்மோன் உயர்வு கிடைத்தால் அது கூடுதல் நன்மை. "இந்த அறுவை உங்களை மீண்டும் இளைஞராக்கும்" என்ற வாக்குறுதி வியாபாரப் பேச்சு.

வெட்கமும் மார்க்கமும்

வெட்கம் ஈமானின் ஒரு பகுதி என்பதில் நமக்கு ஐயமில்லை. ஆனால் எந்த வெட்கம்? நபித்தோழியர் தம் உடலைப் பற்றிய மிக அந்தரங்கமான ஐயங்களையும் நபிகளாரிடம் (ஸல்) கேட்டுத் தெளிந்தனர். உண்மையைக் கேட்பதில் வெட்கம் தடையாகாது என்ற முன்னுரையுடன் உம்மு சுலைம் (ரலி) கேள்வி எழுப்பிய நிகழ்வு நாம் பலமுறை பயான்களில் கேட்டதே. பெண்கள் கேட்டறிந்த சமுதாயத்தில் ஆண்கள் மருத்துவரின் வாசலில் தயங்கி நிற்பது பொருந்துமா?

அவ்ரத்தை மருத்துவரிடம் காட்டலாமா என்று சிலர் தயங்குகின்றனர். தேவை ஏற்படும்போது, தேவையான அளவுக்கு மருத்துவரிடம் காட்டுவதை மார்க்க அறிஞர்கள் அனுமதித்துள்ளனர். ஆண் மருத்துவரையே கேட்டுப் பெறலாம். சிறுநீரகவியல் மருத்துவர்களில் ஆண்களுக்குப் பஞ்சமில்லை. விந்து மாதிரி எடுக்கும் முறை குறித்தும் தயக்கம் உண்டு. மருத்துவத் தேவைக்காக அதனை அனுமதிக்கும் அறிஞர்கள் பலர். மனம் ஒப்பாதவர், மனைவியுடன் கூடும்போது விந்தணுக்களைப் பாதிக்காத சிறப்பு உறையைப் பயன்படுத்தி மாதிரி சேகரிக்க வழியிருக்கிறதா என்று ஆய்வகத்தில் கேட்கலாம். சாதாரண உறைகளும் வழவழப்புக் களிம்புகளும் விந்தணுக்களைச் சிதைப்பதால் அவற்றைத் தவிர்க்க வேண்டும்.

மற்றொரு சாரார், "குழந்தை அல்லாஹ் தருவது, நாம் ஏன் அலைய வேண்டும்?" என்பர். குழந்தையைத் தருபவன் அவன் ஒருவனே என்பதில் நமக்கு இரு கருத்தில்லை. ஆனால் இதே வாதம் மனைவியை ஸ்கேன் மையங்களுக்கு அனுப்பும்போது ஏன் நினைவுக்கு வருவதில்லை? ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத்தான் தவக்குல் வைக்க வேண்டும் என்பது ஆணுக்கும் உரிய பாடமே. நோய்க்கு மருத்துவம் தேடுவது இறைநம்பிக்கைக்கு முரணன்று.

குழந்தை வேண்டி ஸகரிய்யா நபி (அலை) செய்த பிரார்த்தனையை எண்ணிப் பார்ப்போம். ஸூரா மர்யமில் அவர்கள் முதலில் முறையிட்டது தம் எலும்புகளின் பலவீனத்தையும் தம் தலையின் நரையையும்தான். மனைவியின் நிலையை அதன் பின்னரே குறிப்பிட்டார்கள். ஓர் இறைத்தூதர் தம் உடலின் தளர்ச்சியை முதலில் எடுத்துரைக்கிறார். நம்மவரோ தம் உடலை ஒருமுறை பரிசோதித்துப் பார்க்கவும் மறுத்து, குறை முழுவதையும் மனைவியின்மீது சுமத்துகின்றனர். பரிசோதனையே செய்துகொள்ளாத ஒருவர், குழந்தையில்லை என்ற காரணத்தைக் கூறி மனைவியை விலக்கவோ மறுமணம் நாடவோ முற்படுவது வெளிப்படையான அநீதி என்றே நாம் கருதுகிறோம். அவ்வாறான வழக்குகள் ஜமாஅத்துக்கு வரும்போது, கணவரின் பரிசோதனை முடிவைக் கேட்ட பின்னரே நிர்வாகிகள் அடுத்த பேச்சுக்குச் செல்ல வேண்டும்.

நாம் செய்ய வேண்டியவை

ஓராண்டு முயன்றும் கருத்தரிக்கவில்லையெனில், மனைவி 35 வயதைக் கடந்தவராயின் ஆறு மாதத்திலேயே, இருவரும் ஒரே நாளில் பரிசோதனைக்குச் செல்ல வேண்டும். ஆணுக்குரிய முதற்பரிசோதனை எளிது. 2 முதல் 7 நாள் இடைவெளிக்குப் பின் ஒரு விந்து மாதிரி. மருத்துவர் நிற்கவைத்துக் கைகளால் செய்யும் சில நிமிடச் சோதனை. கத்தியோ மயக்கமருந்தோ இதில் இல்லை. பெண் கடந்துவரும் பரிசோதனைகளின் வலியோடும் செலவோடும் ஒப்பிட்டால் இது ஒன்றுமேயில்லை. முடிவில் குறை தெரிந்தால் சில வாரங்கள் கழித்து மீண்டும் ஒருமுறை பார்ப்பது வழக்கம். ஒரே அறிக்கையைக் கொண்டு இடிந்துபோக வேண்டாம்.

தந்தையர் தம் பருவமடைந்த புதல்வர்களிடம் இது குறித்துப் பேச வேண்டும். நின்றால் வலி, ஒரு பக்கம் புடைப்பு, இரு பக்கங்களுக்கிடையே அளவு வேறுபாடு ஆகியவற்றை மறைக்காமல் சொல்லும் துணிவைப் பிள்ளைகளுக்கு ஊட்ட வேண்டும். மஹல்லாக்களில் நடைபெறும் திருமணத்திற்கு முந்தைய வழிகாட்டுதல் வகுப்புகளில் ஒரு மணி நேரத்தை ஆண் நலத்திற்காக, தகுதியுள்ள மருத்துவர் ஒருவரைக்கொண்டு ஒதுக்கலாம். சர்க்கரை நோய்க்கும் கண்ணுக்கும் இலவச முகாம் நடத்தும் பள்ளிவாசல்களுக்கு இது இயலாத செயலன்று.

மாமியார்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகனுக்குப் பரிசோதனை என்றதும் அவன்மீது பழி வந்துவிட்டதாக எண்ணாதீர்கள். குறை இருந்தால் அது தெரியவரும்; அவற்றுள் பல தீரக்கூடியவை. தெரியாமல் கடத்தும் ஒவ்வோர் ஆண்டும் உங்கள் மருமகளின் வயதில் கூடுகிறது. பேரக்குழந்தைக்கான வாய்ப்பில் குறைகிறது.

எல்லாம் செய்த பின்னும் குழந்தை கிடைக்காமல் போகலாம். அப்போது அத்தம்பதியர் இறைவனின் நாட்டத்தை ஏற்றுப் பொறுமை கொள்வர். அந்தப் பொறுமைக்கு ஈமானின் அழகு உண்டு. முயலாமலும் பரிசோதிக்காமலும் இருந்துவிட்டு, ஒரு பெண்ணின் கண்ணீருக்கு விதியின் பெயரைச் சூட்டுவதற்குப் பொறுமை என்று பெயரில்லை.

குழந்தைப்பேறை எதிர்நோக்கியிருக்கும் ஒவ்வொரு தம்பதியருக்கும் வல்ல நாயன் அல்லாஹ் நலமான சந்ததியை வழங்குவானாக! நம் ஆண்களுக்குத் தம் உடலையும் உண்மையையும் எதிர்கொள்ளும் துணிவையும், நம் குடும்பங்களுக்கு நீதியையும் தந்தருள்வானாக! ஆமீன்.